அம்மாவின் பலகைக் கணினியும் என் 27 பட்டியல்களும்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தபோது, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக (அரசுக் குடியிருப்பு) வீட்டின் வரவேற்பறையில் அம்மாவும் நானும் ஒரே செய்தியை இரண்டு திரைகளில் படித்துக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வெளிவரும் ஒரு தளத்தில், காவிரியின் நீர்வரத்தைப் பற்றி வந்திருந்த சாதாரணச் செய்தி அது. அம்மாவின் பலகைக் கணினியில் தலைப்பு, படம், செய்தி என்று பக்கம் ஒழுங்காக இறங்கி வந்தது. என் மடிக்கணினியிலோ முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் நடுவே மூட்டுவலித் தைலம் ஒன்றின் விளம்பரமும், அதன் கீழே எதுவுமில்லாத வெள்ளைப் பெட்டி ஒன்றும், மூடினாலும் மறுபடி எழுந்து வரும் காணொளி ஒன்றும் இருந்தன. எட்டிப் பார்த்த அம்மா, "உனக்கு மட்டும் ஏம்பா இவ்வளவு விளம்பரம் வருது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை என்பதைவிட, அதை என்னிடம் கேட்க நேர்ந்ததே என்பதுதான் எனக்கு உறுத்தியது. இருவரும் பயன்படுத்துவது ஃபயர்ஃபாக்ஸ் உலாவி. இரண்டிலும் இருப்பது யூபிளாக் ஆரிஜின் என்ற ஒரே விளம்பரத் தடுப்பான். அம்மாவின் கருவியில் அதை நிறுவியவனும் நான்தான். இரண்டு நிமிடத்தில் நிறுவிக் கொடுத்துவிட்டு, எந்த அமைப்பையும் தொடாமல் விட்டிருந்தேன். என் கணினியில் அப்படியல்ல. ஐந்தாறு ஆண்டுகளாகத் தேடித் தேடிச் சேர்த்த 27 வடிகட்டிப் பட்டியல்கள் அதில் இருந்தன. ஒன்றும் செய்யாத இடத்தில் பக்கம் சுத்தமாக இருந்தது. எல்லாம் செய்த இடத்தில் தைல விளம்பரம் வந்தது.

காரணத்தை அன்றிரவே கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்வதற்குமுன் பட்டியல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தடுப்பானே விளம்பரங்களை அடையாளம் கண்டுகொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தடுப்பானுக்கு விளம்பரம் என்றால் என்னவென்றே தெரியாது. அது ஓர் இயந்திரம். எதைத் தடுக்க வேண்டும் என்பதை அதற்குச் சொல்வது, மனிதர்கள் வரிவரியாக எழுதிவைத்த சாதாரண உரைக்கோப்புகள். ஒரு வரி ஒரு விதி. இரண்டு செங்குத்துக் கோடுகளில் தொடங்கி ஒரு தளப்பெயரைச் சொல்லும் விதி, அந்த இடத்துக்குச் செல்லும் கோரிக்கையையே நிறுத்திவிடும். விளம்பரம் உங்கள் கணினிக்கு வந்து சேராது. ## என்ற குறியைக் கொண்ட விதி மறைப்பு விதி. பக்கத்துக்குள் வந்துவிட்ட ஒரு பெட்டியைக் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பது அதன் வேலை. @@ என்று தொடங்குவது விலக்கு விதி. வேறொரு விதி தடுத்ததை, இந்த இடத்தில் மட்டும் விடு என்று அது சொல்கிறது. என் திரையில் இருந்த வெள்ளைப் பெட்டிக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது. பெட்டிக்குள் வரவேண்டிய விளம்பரத்தை ஏதோ ஒரு பட்டியல் தடுத்துவிட்டது. ஆனால் அந்தத் தளத்தின் பக்கங்களைத் திறந்து பார்த்து, பெட்டியையும் மறைக்கும் விதியை எழுதிய மனிதர் எவரும் என் 27 பட்டியல்களுக்குப் பின்னால் இல்லை.

மனிதர் என்று நான் சொல்வது அழகுக்காக அல்ல. ஏறத்தாழ எல்லாத் தடுப்பான்களுக்கும் அடித்தளமாக இருக்கும் ஈஸிலிஸ்ட் என்ற பட்டியல் 2005 ஆம் ஆண்டில் ரிக் பெட்னெல் என்ற அமெரிக்கர் தொடங்கியது. 2009 இல் அவர் இறந்த பிறகு, அதை மற்றவர்கள் எடுத்து நடத்திவருகிறார்கள். யாரோ ஒருவர் ஒரு பக்கத்தில் புதிய விளம்பரத்தைக் கண்டு தெரிவிக்கிறார். இன்னொருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, அதன் உள்ளமைப்பைப் படித்து, ஒரு வரி எழுதுகிறார். தளக்காரர் அமைப்பை மாற்றியதும் அந்த வரி செத்துப்போகிறது. மறுபடி எழுத வேண்டும். நான்கு நாள்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுமாறு ஈஸிலிஸ்ட் தன் தலைப்புப் பகுதியிலேயே தடுப்பான்களுக்குச் சொல்லிவைத்திருப்பது இதனால்தான்.

இந்த உழைப்பின் மறுபுறம் 2022 இல் வெளிப்பட்டது. இந்தியாவில் பலர் பயன்படுத்திவந்த சில ஆண்ட்ராய்டு உலாவிகள், பட்டியலைச் சேமித்துவைத்துக்கொள்ளாமல், உலாவியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈஸிலிஸ்ட்டின் சர்வரிலிருந்து முழுதாகத் தரவிறக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சுமையில் சர்வர் திணறிப்போனது. அதற்கு எந்தக் கெட்ட எண்ணமும் காரணமில்லை. யாரோ கவனக்குறைவாக எழுதிய நிரல்தான். ஊரார் தோண்டிய கிணற்றில் குடத்துக்குப் பதிலாக ஆளாளுக்கு ஒரு மோட்டாரைப் போட்ட கதை.

அம்மாவின் திரைக்கு வருகிறேன். யூபிளாக் ஆரிஜினில் வட்டாரப் பட்டியல்கள் என்று தனியே ஒரு பகுதி உண்டு. சீனத் தளங்களுக்கு ஆட்கார்ட் என்ற இன்னொரு தடுப்பான் நிறுவனத்தின் சீனப் பட்டியல், கொரியத் தளங்களுக்கு லிஸ்ட்-கேஆர், இந்தோனேசிய, மலாய்த் தளங்களுக்கு ஏபிபிஇந்தோ, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, வங்காளம், சிங்களம் முதலிய மொழித் தளங்களுக்கு இந்தியன்லிஸ்ட் என்று அது நீள்கிறது. உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் துணைநிரலான இந்த நீட்சியை முதன்முதலில் நிறுவும்போது அது உலாவியின் மொழியைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் வட்டாரப் பட்டியலைத் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அம்மாவின் பலகைக் கணினி தமிழில் அமைக்கப்பட்டது. தமிழிலேயே மெனுவும் விசைப்பலகையும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால் அப்படி அமைத்தேன். ஆகவே இந்தியன்லிஸ்ட் ஓசையின்றி உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. என் மடிக்கணினியோ சிங்கப்பூரில் பெரும்பாலோருடையதைப் போல ஆங்கிலத்தில் இயங்குவது. அதற்கு எந்த வட்டாரப் பட்டியலும் தேவையில்லை என்று நீட்சி முடிவுசெய்துவிட்டது. நான் தேடிச் சேர்த்த 27 இல் போலந்துத் தளங்களுக்கான பட்டியல்கூட இருந்தது, தமிழுக்கானது இல்லை.

இது என் ஒருவனுடைய கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில், கருவிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, படிப்பது மட்டும் வேறு மொழியில் நடக்கிறது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் நண்பர் மதிய வேளையில் சீனத் தளங்களைப் படிப்பவர். அவருடைய உலாவியும் ஆங்கிலம். சீனப் பட்டியல் அவரிடமும் இல்லை. உயர்நிலை 2 இல் படிக்கும் என் மகள் படிப்பதெல்லாம் கொரியக் கேளிக்கைச் செய்திகள். கருவியின் மொழி அவரவர் வாசிப்பின் மொழியைக் காட்டாத இடத்தில், அந்தத் தானியங்கித் தேர்வு ஒவ்வொருவருக்கும் தவறான விடையையே தருகிறது. நமக்கெனச் சிங்கப்பூர்ப் பட்டியல் எதையும் அதில் நான் காணவில்லை. இங்கு வேண்டியது நாட்டின் பெயரில் ஒரு பட்டியல் அல்ல. வீட்டில் யார் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று பார்த்து எடுக்கும் ஒன்றோ இரண்டோதான்.

அந்த வாரத்திலேயே இரண்டாவது பாடமும் வந்தது, இம்முறை மனைவியின் வழியாக. தீபாவளிக்குத் திருச்சி செல்ல நான்கு பயணச்சீட்டுகள் எடுக்க வேண்டும். விலை மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது. என் மடிக்கணினியில் அவர் பெயர்களையும் கடப்பிதழ் எண்களையும் நிரப்பி, இருக்கைகளையும் தேர்ந்தெடுத்து, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை தம் கைப்பேசியில் எடுத்தபோது, ஆளுக்கு 40 வெள்ளி கூடியிருந்தது. "என்னங்க, உங்க கம்ப்யூட்டர்ல என்னத்தைப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். அந்தத் தளத்தைக் குறைகூற எனக்கு வாய் வந்தது. ஆனால் கைப்பேசியில் அதே தளம் சரியாக இயங்கியதை இருவரும் பார்த்துவிட்டோம்.

யூபிளாக்கில் பதிவேடு என்று ஒரு சாளரம் உண்டு. பக்கம் ஒன்றைத் திறந்தால், அது எங்கெங்கே கோரிக்கை அனுப்புகிறது, அவற்றில் எது தடுக்கப்பட்டது, எந்தப் பட்டியலின் எந்த வரி அதைத் தடுத்தது என்று வரிசையாகக் காட்டும். பட்டியல்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதுபவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு அந்தப் பயணத் தளத்தில் மீண்டும் நடந்து பார்த்தேன். பக்கத்தின் இரு வடிவங்களைக் காட்டி எது அதிகம் விற்கிறது என்று ஒப்பிடும் சேவை ஒன்றின் நிரலைத் தளம் அழைக்கிறது. அந்த நிரலிடமிருந்து பதில் வந்த பிறகுதான் பொத்தானுக்கு உயிர் வருமாறு எழுதியிருக்கிறார்கள். நிரல் தடுக்கப்பட்டதால் பதில் வரவில்லை. பொத்தான் காத்துக்கொண்டே இருந்தது. தடுத்த வரி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் சேர்த்திருந்த, வெறும் தளப்பெயர்களால் ஆன ஒரு பட்டியலில் இருந்தது.

தளப்பெயர்ப் பட்டியல்கள் தனி இனம். எந்தத் தளப்பெயருக்கு எந்த முகவரி என்று கணினிக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இடுவதற்காகத் தோன்றியவை அவை. பெயர் இருந்தால் அந்த இடத்துக்குச் செல்லும் எல்லாம் அடைக்கப்படும், இல்லாவிட்டால் எல்லாம் திறந்திருக்கும். இந்தப் பக்கத்தில் மட்டும் விடு, அந்தப் பக்கத்தில் தடு என்று அவற்றால் சொல்ல முடியாது. வெள்ளைப் பெட்டியை மறைக்கவும் முடியாது. வீட்டு வைஃபை முழுவதற்கும் ஒரே இடத்தில் தடுப்பு வைப்பவர்களுக்கு, தொலைக்காட்சியில் நீட்சி நிறுவ முடியாதவர்களுக்கு, அவை பயன்படும். உலாவிக்குள்ளேயே நுட்பமான இயந்திரம் இருக்கும்போது அவற்றை மேலும் மேலும் அடுக்குவது, அரிவாள்மனை இருக்கும் வீட்டில் காய்கறி நறுக்கக் கோடரி வாங்கிவருவது போன்றது. விதிவிலக்காக, பீட்டர் லோ என்பவரின் பட்டியல் யூபிளாக்கில் இயல்பாகவே இயங்குகிறது. அது சிறியது, பல ஆண்டுகளாகக் கவனமாகப் பேணப்படுவது.

எப்படி 27 சேர்ந்தன என்று பின்னர் யோசித்தேன். முஸ்தபா கடைக்குள் பற்பசை வாங்கப் போய்க் கூடை நிறையச் சாமான்களுடன் வெளியே வருவதைப் போலத்தான். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது ஒரு காரணம் இருந்தது. ஒரு தளத்தில் ஒரு விளம்பரம் தப்பி வந்தது. யாரோ பரிந்துரைத்த பட்டியலைச் சேர்த்தேன். விளம்பரம் போனதா என்று திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. எதையும் நீக்குவதற்கு மட்டும் ஒருபோதும் காரணம் எழவில்லை. யூபிளாக்கின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு பட்டியலின் அருகிலும் இரண்டு எண்கள் இருக்கும்: மொத்தம் எத்தனை விதிகள், அவற்றில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று. வேறொரு பட்டியலில் ஏற்கெனவே உள்ள அதே வரி மறுபடி வந்தால் இயந்திரம் அதை ஒதுக்கிவிடும். என் பட்டியல்களில் சிலவற்றுக்கு அந்த இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தது; அவை கொண்டுவந்த சரக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. ஆனால் அந்த எண்களையும் முழுதாக நம்பக் கூடாது. எழுத்துக்கு எழுத்து ஒத்த வரிகளை மட்டுமே இயந்திரம் ஒதுக்குகிறது. ஒரே விளம்பரத்தை இருவர் இருவிதமாக எழுதித் தடுத்திருந்தால், அவை இரண்டு விதிகளாகவே எண்ணப்படும்.

ஆட்கார்டின் அடிப்படைப் பட்டியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நிறுவனத்தின் சொந்தத் தடுப்பானில் வரும் வடிவம் ஈஸிலிஸ்ட்டைத் தன்னுள் அடக்கியது. யூபிளாக்கில் கொடுக்கப்படுவது ஈஸிலிஸ்ட்டை நீக்கிய வடிவம். இது தெரியாமல் நான் வெளியிலிருந்து முகவரி கொடுத்து முதல் வடிவத்தையும், உள்ளே பெட்டியைக் குறியிட்டு இரண்டாம் வடிவத்தையும் ஒருங்கே வைத்திருந்தேன்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டு எல்லாவற்றையும் அணைத்தேன். யூபிளாக் இயல்பாகக் கொண்டுவரும் தொகுப்புக்குத் திரும்பினேன். அதன் சொந்தப் பட்டியல்கள், ஈஸிலிஸ்ட், கண்காணிப்பைத் தடுக்கும் ஈஸிபிரைவசி, தீங்கான முகவரிகளின் பட்டியல், பீட்டர் லோவின் பட்டியல் ஆகியவை அதில் அடங்கும். சொந்தப் பட்டியல்களில் அன்பிரேக் என்று ஒன்று இருக்கிறது. மற்றவர்களின் விதிகளால் உடையும் பக்கங்களைச் சரிசெய்வதே அதன் முழு வேலை. தடுக்கப்பட்ட நிரலுக்குப் பதிலாக, அதே பெயரில் ஒன்றும் செய்யாத போலி நிரலை நீட்சியே கொடுத்து, பக்கத்தை ஏமாற்றி நடக்கவைக்கும் உத்தியும் இந்த இயந்திரத்தில் உண்டு. இயல்புத் தொகுப்பைப் பரிசோதிப்பவர்கள் இந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். என் 27 பட்டியல்கள் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று உலகில் ஒருவரும் பார்த்ததில்லை. அந்தச் சேர்க்கை என்னிடம் மட்டுமே இருந்தது. என்னையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு ஒரு வாரம் அதனுடன் வாழ்ந்தேன். என்ன குறைகிறதோ அதற்கு மட்டும் பட்டியல் என்பது விதி. முதல் நாளிலேயே இந்தியன்லிஸ்ட்டைச் சேர்த்தேன்; தைல விளம்பரமும் வெள்ளைப் பெட்டியும் போயின. இரண்டாவதாகச் சேர்த்தது, முகவரிகளின் வாலில் தொங்கும் கண்காணிப்புக் குறிகளை வெட்டும் ஆட்கார்ட் பட்டியல். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் உறவினர்கள் அனுப்பும் இணைப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும்; கேள்விக்குறிக்குப் பின்னால் மூன்று வரிக்கு நீளும் அந்த எழுத்துக் குவியல், யார் பகிர்ந்தார்கள், எங்கிருந்து வந்தது என்பதைத் தளத்துக்குச் சொல்லும் சீட்டு. மூன்றாவதாக எதையும் சேர்க்கத் தோன்றவில்லை.

குக்கி அறிவிப்புகளை மறைக்கும் பட்டியல்களைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் இரண்டு மனம். ஐரோப்பியச் சட்டத்துக்காக எழுந்த அந்த அறிவிப்புகள் இங்கே உட்லண்ட்ஸில் உட்கார்ந்திருப்பவனையும் வந்து மறிக்கின்றன, எரிச்சல் உண்மைதான். ஆனால் அறிவிப்பை மறைத்தாலும், அதற்குப் பதில் கிடைக்கும்வரை பக்கத்தை உருட்டவிடாமல் பூட்டிவைக்கும் தளங்கள் இருக்கின்றன. மறைத்த கதவின் பின்னால் பூட்டிய அறையில் நிற்பதைப் போன்ற நிலை அது. எனக்கு அது நேர்ந்தால் என்ன செய்வது என்று தெரியும். அம்மாவுக்கு நேர்ந்தால், இணையம் போய்விட்டது என்று நினைத்துக் கருவியை அணைத்துவிடுவார். ஆகவே என் கணினியில் அது உண்டு, அவருடையதில் இல்லை.

அம்மாவின் கருவியை இயல்பு நிலையிலேயே வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் மோசடிகள். 2024 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி என்று காவல்துறை அறிவித்தது. தேடல் முடிவுகளின் உச்சியில் போலி நிறுவனங்கள் விளம்பரமாக வந்து அமர்வதைச் சுட்டிக்காட்டி, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது. வங்கியின் பெயரைத் தேடி முதல் இணைப்பைச் சொடுக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கு, அந்த முதல் இணைப்பு விளம்பரமாக இல்லாமல் இருப்பது பெரிய காவல். அதற்குத் தேவையான விதிகள் இயல்புத் தொகுப்பிலேயே உள்ளன.

யாருடைய பட்டியல் என்ற கேள்வி இங்கே எழுகிறது. பட்டியலைச் சேர்ப்பது, முன்பின் தெரியாத ஒருவரிடம் உங்கள் உலாவியின் சாவிகளில் ஒன்றைக் கொடுப்பது. ஆட்பிளாக் பிளஸ் என்ற மற்றொரு தடுப்பான் 2018 இல் சேர்த்த ஒரு விதி வகை, குறிப்பிட்ட சில சூழல்களில் பட்டியல் ஆசிரியரே பக்கங்களுக்குள் நிரலை நுழைக்க இடம் கொடுக்கக்கூடும் என்று 2019 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர் காட்டினார். யூபிளாக் ஆரிஜின் அப்போது அந்த வகையை ஏற்கவில்லை. இன்றும் ஆற்றல் மிகுந்த சில விதி வகைகளை அது தன் சொந்தப் பட்டியல்களிலும் பயனர் தம் கையால் எழுதியவற்றிலும் மட்டுமே மதிக்கிறது. வெளிப் பட்டியலில் எழுதியிருந்தால் புறக்கணித்துவிடும். நீட்சியே கைமாறுவதும் உண்டு. நானோ என்ற பெயரில் இருந்த இரு நீட்சிகள் 2020 இல் விற்கப்பட்டதும், புதியவர்கள் அவற்றில் தீங்கான நிரலைச் சேர்த்தார்கள். குரோம் கடையிலிருந்து அவை நீக்கப்பட்டன. பட்டியலின் பெயரைவிட, அதைப் பேணுபவர்கள் யார், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பதை நான் முதலில் பார்ப்பது இதனால்தான். என் 27 இல் நான்கு பட்டியல்கள் ஆண்டுக்கணக்கில் தொடப்படாதவை.

இயல்பாகவே வருவது எல்லாம் உங்கள் பக்கம் நிற்கும் என்றும் சொல்வதற்கில்லை. 2011 முதல் ஆட்பிளாக் பிளஸில் ஏற்கத்தக்க விளம்பரங்கள் என்ற பட்டியல் இயல்பாக இயங்குகிறது. அது தடுக்கும் பட்டியல் அல்ல, அனுமதிக்கும் பட்டியல். அதில் இடம்பெறப் பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன. அதை ஒரு நியாயமான சமரசம் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. வாயிற்காவலருக்குச் சம்பளம் கொடுப்பவர் உள்ளே வர விரும்புபவராகவே இருப்பது சரியாகப் படவில்லை.

அலுவலகக் கணினியில் குரோம்தான். அங்கே எனக்குத் தேர்வு குறைவு. நீட்சிகளுக்கான மூன்றாம் பதிப்பு விதிமுறைகளுக்குக் குரோம் மாறியதால், 2025 இல் அதில் யூபிளாக் ஆரிஜினின் காலம் முடிந்தது. அதற்குப் பதிலாக யூபிளாக் ஆரிஜினை உருவாக்கிய அதே ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட்டைப் பயன்படுத்துகிறேன். அதில் பட்டியல்கள் நீட்சிக்குள்ளேயே கட்டப்பட்டு வருகின்றன. நீட்சி புதுப்பிக்கப்படும்போது அவையும் புதுப்பிக்கப்படும். கண்டதையெல்லாம் முகவரி கொடுத்துச் சேர்க்கும் என் பழைய வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. இழப்புதான் என்றாலும், என்னைப் போன்றவனுக்கு அது சற்று நல்லதும்கூட. நண்பருக்கு அங்கே சீனப் பட்டியலைக் குறியிட்டுக் கொடுத்தேன், எனக்கு இந்தியன்லிஸ்ட்.

இவ்வளவுக்குப் பின்னும் தமிழ்ப் பக்கங்களில் சில விளம்பரங்கள் தப்பி வரும். ஆங்கிலத் தளத்தில் ஒரு புதிய விளம்பரம் தோன்றினால், அதைப் பார்த்துத் தெரிவிக்க உலகெங்கும் ஆள்கள் இருக்கிறார்கள். தமிழ்த் தளத்தில் தோன்றினால் நாமே பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் நான் அதைச் செய்யாமல், என் சொந்த விதிகளை எழுதினேன். பக்கத்தில் ஒரு பெட்டியைச் சுட்டினால் அதற்கான மறைப்பு விதியை எழுதிக் கொடுக்கும் கருவி யூபிளாக்கில் இருக்கிறது. இன்பமான கருவி; ஆபத்தானதும்கூட. ஒரு சமையல் தளத்தில் விளம்பரப் பெட்டியைச் சுட்டுவதாக எண்ணி, அதைச் சுற்றியிருந்த பெரிய பெட்டியைச் சுட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்க அந்தத் தளத்தைத் திறந்த மனைவி, தேவையான பொருள்களோடு பக்கம் முடிந்துவிடுகிறதே என்று கேட்டார். செய்முறை முழுவதையும் நான் மறைத்துவைத்திருந்தேன்.

விளம்பரத்தை நம்பி வாழும் தளங்களின் கேள்வியும் இருக்கிறது. தமிழில் எழுதிப் பிழைப்பது எளிதல்ல. தடுப்பான் அவர்களுடைய வருமானத்தில் கைவைக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சந்தா இருக்கும் இடங்களில் கட்டுகிறேன். அடக்கமான விளம்பரங்களை மட்டும் வைத்திருக்கும் மூன்று தமிழ்த் தளங்களை நம்பகத் தளங்களில் சேர்த்திருக்கிறேன். அங்கே தடுப்பான் இயங்காது. மூடினாலும் எழும் காணொளிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

பொங்கலுக்குச் சில நாள்கள் முன்பு, காவிரிச் செய்தி வந்த அதே தளத்தில் புதிய வகைப் பெட்டி ஒன்று தோன்றியது. இம்முறை அம்மாவின் திரையிலும் வந்தது. என் கணினியில் உடனே ஒரு வரி எழுதி அதை மறைத்தேன். பிறகு, யூபிளாக்கின் சாளரத்தில் உள்ள சிக்கலைத் தெரிவிக்கும் பொத்தானைத் தேடாமல், இந்தியன்லிஸ்ட்டைப் பேணுபவர்கள் அதை வைத்திருக்கும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்துக்கே நேராகச் சென்று, பக்கத்தின் முகவரி, திரைப்பிடிப்பு, என்னிடம் இயங்கும் பட்டியல்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதிவைத்தேன். எழுதும்போது பட்டியல்களின் பெயர்கள் இரண்டு வரிக்குள் அடங்கின. 27 இருந்த காலத்தில் எழுதியிருந்தால், முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் எனக்குப் பதில் வந்திருக்கும். பத்து நாள் கழித்துப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, பெட்டியை மறைத்திருந்த விதியின் அருகில் இந்தியன்லிஸ்ட்டின் பெயர் இருந்தது. என் சொந்த விதிகளைத் திறந்து அந்த ஒரு வரியை அழித்தேன். அம்மாவின் பலகைக் கணினியில் நான் எதையும் செய்யவில்லை. அது தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தது.